கூப்பிடாமல் திரும்பிய படகு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் காது இருக்கிறது, அதில் எதையாவது செருகி வைத்திருக்கிறார்கள். வாய் இருக்கிறது, அதைத் தின்பதற்கும் போனில் தன்னைத்தானே படம் பிடிக்கும்போது இளிப்பதற்கும் வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் கூப்பிட்டால் இன்னொருத்தன் பதில் சொல்வது என்பதே ஒழிந்துபோய்விட்டது. துல்லியோ ரொசாதாவின் கட்சி இதுதான். காலையில் காப்பிக் கடையில் இதைச் சொல்வார். மத்தியானம் ஒயின் கடையில் சொல்வார். கேட்க ஆளில்லாவிட்டால் கட்டிப்போட்ட தன் படகிடம் சொல்வார். படகு மட்டும்தான் இதுவரை எதிர்த்துப் பேசவில்லை.

அவர் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. வெனிஸில் இரண்டு பக்கமும் நாலு மாடிச் சுவர் நிற்கிற வாய்க்காலில் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறதென்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதனால் சின்ன வாய்க்காலிலிருந்து பெரிய வாய்க்காலுக்குத் திரும்புகிறவன், மூக்கை நீட்டும் முன்னால், "ஓ... ஏ" என்று ஒரு குரல் விடவேண்டும். நேராக வருகிறவன் பதில் குரல் விட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் வாய்க்கால் உன்னுடையது. அதே மாதிரி நேராக வருகிறவனுக்கும், குரல் கேட்கவில்லை என்றால் திருப்பத்தில் ஆளில்லை என்று அர்த்தம். அவன் துடுப்பின் வேகத்தைக் குறைக்கவே வேண்டாம். அந்த ஊரில் பிறந்தவர்கள் வாய்க்காலில் கண்ணால் போவதில்லை, காதால் போகிறார்கள்.

துல்லியோ நாற்பது வருடம் சலவைப் படகு ஓட்டியவர். ஊரைப் பார்க்க வந்தவர்கள் படுத்து எழுந்த விரிப்புகளை ஹோட்டல் ஹோட்டலாக மூட்டை கட்டி ஏற்றி, வெளுத்ததைத் திரும்ப இறக்கி, முதுகு கூன் போட்டது அதில்தான். வேலையை விட்ட பிறகும் கால் தரையில் நிற்கவில்லை. மனைவி வாந்தா செத்துப்போனதும் சுத்தமாக நிற்கவில்லை. தட்டையான அடியுள்ள சின்னப் படகு ஒன்று வைத்திருந்தார். பச்சை பெயிண்ட், பித்தளையைப் பார்த்தே அறியாத சாதாரண இரும்புப் பட்டை போட்ட முன்மூக்கு. அதில் பின்முனையில் நின்றுகொண்டு, ஒற்றைத் துடுப்பைத் தள்ளி, தினமும் காலையில் ஊரைச் சுற்றிவருவார்.

மற்றவர்கள் அழகு பார்க்கப் போவார்கள். அவர் ஜெயில் வார்டன் மாதிரி போவார். எந்த வாசலில் புதிதாக எண் போட்டுத் திறக்கிற சாவிப் பெட்டி முளைத்திருக்கிறது என்று பார்ப்பார். சாவிப் பெட்டி வந்தால் அந்த வீட்டில் இனிமேல் மூன்று நாள் குடித்தனக்காரர்கள்தான். ஜன்னலில் தொங்குகிற பூச்செடி நிஜமா பிளாஸ்டிக்கா என்று பார்ப்பார். தண்ணீர் வற்றியிருக்கும்போது படிக்கட்டுகளில் பச்சைப்பாசியும் நண்டும் தெரியும், செங்கல் சுவரின் அடி அரித்துப்போனது தெரியும். பாலத்தின் அடியில் குனிந்து போகும்போது தலைக்கு மேலே சூட்கேஸ் சக்கரங்கள் தடதடக்கும். "இழுங்கடா, இழுங்க," என்பார் கல்லைப் பார்த்து. எந்தச் சுவரையும் யாரும் பூசவில்லை, எந்தக் கதவையும் யாரும் மாற்றவில்லை, வாடகையை மட்டும் மாதாமாதம் ஏற்றிவிட்டார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. இதைக் கண்டுபிடிக்க அவர் தினமும் போகவேண்டியிருந்தது.

போன குளிர்காலத்தில் படகிலிருந்து இறங்கும்போது பாசியில் கால் வழுக்கி, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் விழுந்தார். விழுந்ததற்காக அவர் வருத்தப்படவில்லை. பாலத்தில் நின்ற எவனோ அதைப் படம் எடுத்துவிட்டான். துல்லியோ வீட்டுக்குப் போய் ரப்பர் பூட்ஸைக் கழற்றுவதற்குள் அந்தப் படம் ரயில் பாலத்தைத் தாண்டித் தரைப்பக்கம் மெஸ்த்ரேயில் இருந்த மகள் மிரெல்லாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மிரெல்லா அடுத்த நாளே வந்தாள். நல்ல பெண்தான், ஆனால் ஒரு முடிவை எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவாள். அவள் புருஷன் ரென்ஸோ கூடவே வந்து, வாயே திறக்காமல், மாடிப்படியின் கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை ஏதாவது ஒண்ணு ஆகட்டும்பா," என்றாள் மிரெல்லா. "படகை வித்துட்டு உன்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அங்க லிஃப்ட் இருக்கு."

"லிஃப்ட்ல போய் என்னத்தடி துடுப்புப் போடறது?"

அன்றைக்கு அவருக்காகப் பேசியவள் அர்ஜியா. வாய்க்காலுக்கு எதிர்க்கரையில் குடியிருப்பவள். வயதில் துல்லியோவுக்குக் கொஞ்சம் இளையவள். அவள் புருஷன் புரூனோவும் துல்லியோவும் வாலிபத்தில் ஒரே படகில் பந்தயத்துக்குப் போனவர்கள். புரூனோ முன்னால், துல்லியோ பின்னால். புரூனோ போன பிறகு அவன் படகை அர்ஜியா விற்கவில்லை. சந்தைக்கும், கல்லறைத் தீவுக்கும், மழை பெய்யாத நாளில் சும்மாவும் அவளே ஓட்டிக்கொண்டு போவாள். சின்ன உடம்பு. துடுப்பைப் பிடித்தால் இரும்பு.

துல்லியோவுக்கு எதுவும் ஆகாது என்று மிரெல்லாவிடம் அவள் அடித்துச் சொன்னாள். "உங்கப்பன் இங்க பக்கத்துல சாயக்காரர் வாய்க்கால் திருப்பத்துல கூப்பிடற சத்தம் என் அடுப்படிக்குக் கேக்கும். அந்தச் சத்தம் வந்துக்கிட்டிருக்கிற வரைக்கும் நீ நிம்மதியா உன் வேலையைப் பாரு. வரலைன்னா நானே உனக்குப் போன் போடறேன்."

மிரெல்லா அப்பா பேச்சை நம்பாவிட்டாலும் அர்ஜியா பேச்சை நம்புவாள். படகு பிழைத்தது. துல்லியோ அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வீட்டு விஷயத்தில் ஜாமீன் நிற்க இவள் யார் என்றுதான் நினைத்தார். ஆனாலும் அடுத்த நாள் காலை திருப்பத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது ஆரஞ்சுத் தொட்டிகள்.

கயாக் என்று அவர்கள் சொல்வார்கள். துல்லியோவுக்கு அது பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் இடுப்புவரை சொருகிக்கொண்டு, இரண்டு முனையிலும் கரண்டி உள்ள ஒரு கம்பால் தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிண்டிக்கொண்டு, வாத்து வரிசை மாதிரி ஊரைச் சுற்றிப் பார்க்கிறவர்கள். நின்று போகிறவனுக்கு வாய்க்கால் தெரியும், உட்கார்ந்து போகிறவனுக்குச் சாக்கடைக் குழாய்தான் தெரியும் என்பார் துல்லியோ. அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் யாரெக் என்கிற போலந்துக்காரன். செம்பட்டைத் தாடி. வந்து பல வருடம் ஆகிவிட்டது, வெனிஸ்காரர் பேச்சையே பேசுவான், கொஞ்சம் கல்லைக் கடித்த மாதிரி.

ஒருநாள் துல்லியோ சாயக்காரர் திருப்பத்தில் வழக்கம்போல் குரல் விட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு குரல் ஒன்றாகச் சேர்ந்து பதில் கொடுத்தது. "ஓ... ஏ!" ஆண், பெண், கட்டைக்குரல், கீச்சுக்குரல், எல்லாம். முறைப்படி பார்த்தால் சரியான பதில். துல்லியோவும் முறைப்படி படகை நிறுத்திச் சுவரோரம் ஒதுங்கினார். ஆரஞ்சு வரிசை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எல்லா முகத்திலும் பல். ஒரு பெண் போனை உயர்த்தி, இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லிக் கையால் சாடை காட்டினாள். பின்னால் வந்தவர்கள் கை தட்டினார்கள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் பெரியவரே," என்றான் யாரெக். "பதில் குடுக்கணும்னு. சரியாக் குடுத்தாங்களா?"

"கோயில்ல கொண்டுபோய்ப் பாட விடு," என்றார் துல்லியோ.

பதிலே சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று வருடக்கணக்காகத் திட்டினவர், பதில் வந்ததும் இன்னும் அதிகமாகத் திட்டினார். அவரைப் பொறுத்தவரை இது பதில் இல்லை, குரங்காட்டம். தன் தொண்டையை எவளோ ஒருத்தி போனில் போட்டு ஊருக்கு எடுத்துக்கொண்டு போவதா? மறுநாளிலிருந்து அவர் திருப்பத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டால் கேலி, கூப்பிடாவிட்டால் என்ன கெட்டுவிடப் போகிறது? திருப்பத்துக்கு முன்னால் துடுப்பைக் கொஞ்சம் தூக்கிக் காது கொடுப்பார், அப்புறம் திரும்பிவிடுவார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் தான் செய்வது சரி என்பதற்கு அவருக்கு ஒரு சாட்சி.

அர்ஜியா ஒருநாள் ஜன்னலைத் திறந்து, சத்தமே கேட்கவில்லையே, தொண்டை கட்டிவிட்டதா என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் மிரெல்லாவுக்குப் போன் போட்டாலும் போடுவாள் என்று அவருக்குப் பட்டது. இப்போதெல்லாம் அந்தப் பக்கமே போவதில்லை, தொட்டிக்காரன்கள் தொல்லை, வடக்கே கடலோரமாகத்தான் சுற்றுகிறேன் என்று சொல்லிவிட்டார். அவள் நம்பினாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் முரடன் என்று அவளுக்குத் தெரியும், பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. மறுநாள் மிரெல்லாவும் ரென்ஸோவும் சாப்பிட வருவதாக இருந்தது. சமையல் அர்ஜியா பொறுப்பு. காய்கறி விளைகிற தோட்டத் தீவிலிருந்து அந்த வருடத்தின் முதல் கூனைப்பூ மொட்டு, சமைத்துத் தின்கிற ஆர்ட்டிசோக், வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, விடிந்ததும் சந்தைக்குப் படகை எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

துல்லியோ தன் சுற்றை முடித்துக்கொண்டு சின்ன வாய்க்கால் வழியாக வந்துகொண்டிருந்தார். கடல் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்த நேரம். ஓட்டம் படகைப் பின்னாலிருந்து தள்ளியது. அவருக்குப் பின்னால், இரண்டு வளைவுக்கு அப்பால், ஒரு குரல் எழுந்தது. "ஓ... ஏ." நிதானமான, சரியான இழுப்பு. யார் என்று பார்க்கவே வேண்டியதில்லை. யாரெக்கின் வரிசை. தங்கள் திருப்பத்துக்கு முன்னால் கூப்பிடுகிறான். பின்னாலேயே வந்து பிடித்துவிடுவார்கள், மறுபடியும் பல்லைக் காட்டுவார்கள், கையைத் தட்டுவார்கள் என்று துல்லியோவுக்கு எரிந்தது. நாலு தள்ளு பலமாகத் தள்ளினார். சாயக்காரர் திருப்பம் வந்தது. அன்றைக்குத் துடுப்பைத் தூக்கிக் காது கொடுக்கவும் இல்லை. வாயைத் திறக்காமல் திரும்பினார்.

அர்ஜியா பெரிய வாய்க்காலில் நேராக வந்துகொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் சேறு மேலே வந்திருந்ததால் சுவரை ஒட்டி வந்தாள். தூரத்தில் ஒரு குரல் அவளுக்கும் கேட்டது, அது தூரத்துக் குரல் என்பதும் தெரிந்தது. பக்கத்துத் திருப்பத்தில் சத்தமே இல்லை. அதனால் அவள் துடுப்பை நிறுத்தவில்லை. வேற்றூர்க்காரியாக இருந்தால் திருப்பத்தைக் கண்டதும் பயந்து நிறுத்தி, எட்டிப் பார்த்து, மெதுவாகப் போயிருப்பாள். அவள் அந்த ஊர்க்காரி.

பச்சைப் படகின் முன்மூக்கு சுவருக்குள்ளிருந்து நீட்டின மாதிரி வந்தது. துடுப்பைப் போட்டுவிட்டு, யாராக இருந்தாலும் செய்வது போல, கையால் தடுக்கப் போனாள். இரும்புப் பட்டைக்கும் மூலைக்கல்லுக்கும் நடுவே அவள் இடதுகை மாட்டியது.

அவள் கத்தவில்லை. "புரூனோ" என்று மட்டும் சொன்னாள், செத்துப்போனவனை. கூனைப்பூ மொட்டுகள் கூடையோடு கவிழ்ந்து, ஊதா நிறத்தில் தண்ணீரில் சிதறி ஓட்டத்தோடு போயின. துல்லியோ துடுப்பைப் பிடித்தபடி நின்றார். படகைப் பின்னால் இழுக்கவேண்டும் என்று தெரிந்தது, கை கேட்கவில்லை. இழுத்தவன் யாரெக். எப்படி அத்தனை சீக்கிரம் வந்தான் என்று தெரியாது, தொட்டியிலிருந்து புரண்டு தண்ணீரில் குதித்து, தோளால் பச்சைப் படகைத் தள்ளி, சட்டையைக் கழற்றி அர்ஜியாவின் கையைச் சுற்றிக் கட்டினான். ஆம்புலன்ஸ் படகுக்குப் போன் போட்டதும் அவன்தான். அவன் கூட்டிவந்தவர்கள் சுவரோரம் வரிசையாக ஒதுங்கி நின்றார்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

ஜன்னல்கள் திறந்தன. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று மேலேயிருந்து கேட்டார்கள். பாலத்தில் ஆள் கூடிவிட்டது. துல்லியோ நிமிர்ந்து பார்த்தார். நாளைக்கு மிரெல்லா வருகிறாள் என்பதுதான் அவர் மனதில் முதலில் வந்தது. அப்புறம்தான் அர்ஜியாவின் கை.

"பின்னாடி இவனுங்க நெருக்கிக்கிட்டு வந்தானுங்க," என்றார், தாடையால் ஆரஞ்சு வரிசையைக் காட்டி. "நான் கூப்பிட்டேன். இவனுங்க போட்ட கூச்சல்ல அது எங்க கேக்கும்?"

சொல்லி முடிக்கும் முன்பே எல்லோரும் நம்பிவிட்டார்கள். நம்புவதற்கு ரொம்ப நாளாகக் காத்திருந்தவர்கள். படகில் வந்த போலீஸ்காரரும் நம்பினார். அவர் அம்மாவும் இதே பகுதிக்காரி. துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அர்ஜியா ஆம்புலன்ஸ் படகில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. துல்லியோவை ஒருமுறை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மிரெல்லா வந்தபோது வாழ்க்கையில் முதல்தடவையாக அப்பா கட்சியில் இருந்தாள். தொட்டிக்காரர்களை ஊரைவிட்டே துரத்த வேண்டும் என்றாள். அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக்கொண்டு திங்கட்கிழமை மாநகராட்சிக்குப் போய்க் கத்திவிட்டும் வந்தாள். ரென்ஸோகூட வாயைத் திறந்து, இது அநியாயம் என்றான். துல்லியோ சூப்பைக் குடித்தார். சூப்பில் உப்பு இல்லை, அதையும் சொன்னார்.

அந்த வாரமே யாரெக்கின் முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவன் துல்லியோ வீட்டுக்கு வந்தான். உள்ளே வா என்று சொல்லாததால் படிக்கட்டிலேயே நின்றான். தான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கும் என்றும், தாங்கள் இரண்டு வளைவுக்குப் பின்னால் இருந்தோம் என்றும், அதை மட்டும் வந்து சொன்னால் போதும் என்றும் பொறுமையாகச் சொன்னான்.

"எனக்கு எதுவும் கேக்கல," என்றார் துல்லியோ.

"என் சத்தம் கேக்கலைன்னா, நீங்க ஏன் வேகம் எடுத்தீங்க பெரியவரே?" என்றான் யாரெக். "திருப்பத்துக்கு முன்னாடி நாலு தள்ளு. பாலத்துல இருந்து பார்த்த ஒரு அம்மா சொன்னாங்க."

"நீ உன் ஊருக்குப் போய் வேகத்தைப் பாரு."

யாரெக் ஒரு படி இறங்கித் திரும்பினான். தன் சட்டையை அர்ஜியா அம்மாவிடம் திருப்பிக் கேட்கமாட்டேன், அதை அந்த அம்மாவே எறிந்துவிடலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். சட்டைக்காகத்தான் வந்திருக்கிறான் என்று துல்லியோ தனக்குள் முடிவு கட்டிக்கொண்டார். சும்மா யாரும் படியேறி வரமாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்கு மனமில்லை. மிரெல்லாதான் இழுத்துக்கொண்டு போனாள். அர்ஜியாவின் இடதுகையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். மீதி விரல்களும் மடங்குமா என்று சொல்லமுடியாதாம். கட்டிலருகே அவள் மகன் சாந்த்ரோ உட்கார்ந்திருந்தான். திரெவீஸோ பக்கம் தரைமேல் வீடு, தோட்டம், இரண்டு கார். அம்மாவை அங்கே வரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவன்.

பேச்சு அங்கே சுற்றி இங்கே சுற்றித் திருப்பத்துக்கு வந்து நின்றது. மாநகராட்சியில் இன்னொரு தடவை விசாரிக்கப் போகிறார்களாம், பாலத்தில் நின்ற ஒரு பெண் வேறு மாதிரி சொல்கிறாளாம் என்றாள் மிரெல்லா. அவள் அர்ஜியாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லு அர்ஜியாம்மா. நீ சொன்னா நான் நம்பறேன். அப்பா கூப்பிட்டாரா, இல்லையா?"

அர்ஜியா துல்லியோவைப் பார்த்தாள். துல்லியோ ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை, எதிர்க் கட்டடத்தின் ஓடுகள்தான். அவள் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் தன் படகும் வீடும் ஊரும் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"கூப்பிட்டிருப்பான்," என்றாள் அர்ஜியா. "எனக்குத்தான் கேக்கல."

சாந்த்ரோ சட்டென்று நிமிர்ந்தான். உனக்குக் காது கேட்பதில்லையா, எத்தனை நாளாக இப்படி, ஏன் சொல்லவில்லை என்று ஆரம்பித்தான். காது கேட்காமல் தினமும் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தாயா என்றான். அந்த இடத்தில் துல்லியோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதுவும் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

"கொஞ்ச நாளாவே அவளுக்குக் காது மந்தம்தான்," என்றார் துல்லியோ. "நான்கூட நெனச்சேன், சொல்லணும்னு."

அர்ஜியா கண்ணை மூடிக்கொண்டாள். களைத்துவிட்டாள் என்று நினைத்து எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

மகன் தேடிக்கொண்டிருந்த காரணம் அவன் கையில் கிடைத்துவிட்டது. அம்மாவுக்குக் காதும் இல்லை, கையும் இல்லை, இனி இந்த ஊரில் தனியாக எப்படி விடுவது? அவன் சொன்னதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டைப் பூட்டினான். சீக்கிரமே அந்த வாசலில் எண் போட்டுத் திறக்கிற சாவிப் பெட்டி ஒன்று ஏறியது. புரூனோவின் படகை ஒரு ஹோட்டல்காரன் வாங்கிக்கொண்டான். தண்ணீரில் விடுவதற்கு இல்லை. வராந்தாவில் நிறுத்தி, உள்ளே ஐஸ் கொட்டி, சிப்பியும் மீனும் பரப்பி வைப்பதற்கு. துல்லியோ காலைச் சுற்றில் அதைப் பார்த்துவிட்டு வந்து, ஐஸ் பட்டால் பலகை ஒரு வருடம் தாங்காது, மடப்பயல் என்று ஒயின் கடையில் சொன்னார்.

அவர் படகு அவரிடமே இருந்தது. மிரெல்லா அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். அவருக்கு எதுவும் ஆகவில்லையே. ஆனது வேறு யாருக்கோ.

அர்ஜியா கிளம்புகிற அன்றைக்கு அவர் படகுத்துறைப் பக்கம் போயிருக்கமாட்டார். ரொட்டி வாங்கப் போன வழியில் மாட்டிக்கொண்டார். மிதவை மேடையில் ஒரு சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தாள். சக்கரம் வைத்த சூட்கேஸ், புதிது, மகன் வாங்கியது. இடதுகை கழுத்தில் மாட்டிய ஒரு கருப்புப் பைக்குள் இருந்தது. சாந்த்ரோ டிக்கெட் எடுக்கப் போயிருந்தான். இவர் திரும்பிப் போவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"வா, உக்காரு. கடிச்சிட மாட்டேன்."

துல்லியோ உட்காரவில்லை. ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். திரெவீஸோவில் காற்று நன்றாக இருக்கும் என்றார். தோட்டம் இருக்கிறதாமே என்றார். தக்காளி போட்டால் வரும் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"சாந்த்ரோ காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான்," என்றாள். "அந்த ஆளு என்னென்னமோ மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கன்னான். நான் தூக்கவேயில்லை. ஒரு தடவைகூட."

"எதுக்கு?"

"உனக்கு எதுக்குன்னு தெரியாது?"

துல்லியோ தண்ணீரைப் பார்த்தார். பஸ் படகு இன்னும் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம் உங்கிட்ட," என்றாள் அர்ஜியா. "மிரெல்லாகிட்ட போய்ச் சொல்லுன்னு சொல்லல. அந்தப் போலந்துக்காரப் பையன்கிட்ட நானே பேசிட்டேன். பாவம், அவன்தான் ஆறுதல் சொன்னான் எனக்கு. ஒண்ணே ஒண்ணு. இனிமே திருப்பத்துல கூப்பிடு. அவ்வளவுதான்."

"யாருக்குக் கூப்பிடறது?" என்றார் துல்லியோ. குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "பதில் சொல்ல யாரு இருக்கா இந்த ஊர்ல?"

"நான் இருந்தேனே."

சாந்த்ரோ டிக்கெட்டோடு வந்தான். துல்லியோவின் தோளைத் தட்டி, அம்மாவைப் பார்க்க ஒருநாள் வாருங்கள், ஸ்டேஷனுக்குக் கார் அனுப்புகிறேன் என்றான். அம்மாவின் காதருகே குனிந்து, "படகு வருது," என்று செவிடர்களிடம் கத்துகிற மாதிரி கத்தினான். அர்ஜியா முகத்தைச் சுளிக்காமல் எழுந்தாள். நல்ல கையால் சூட்கேஸைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் படகு மேடையில் வந்து இடிப்பதற்கு முன்பே துல்லியோ திரும்பி நடந்துவிட்டார். பாலத்தில் ஏறும்போது ரொட்டி அக்குளில் நசுங்கியது. வழியை மறித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியை முழங்கையால் இடித்துக்கொண்டு போனார். எல்லோரும் அவரிடமே வந்து சொல்கிறார்கள், கூப்பிடு, கூப்பிடு என்று. நேராக வருகிறவளுக்கும் வாய் இருந்ததே. அவளும் ஒரு குரல் கொடுத்திருந்தால் என்ன, வாய் தேய்ந்துவிடுமா? நேராக வருகிறவர்கள் கூப்பிடக்கூடாது என்று எவன் சொன்னான்? கண்ணும்தான் இருந்தது. திருப்பம் தெரிகிறது இல்லையா, கொஞ்சம் நிதானிக்கிறதுதானே.

இதை அவர் சாயக்காரர் பாலம் வரை சொல்லிக்கொண்டே போனார். பாலத்தின் உச்சியில் கீழே பார்க்காமல் அந்தப் பக்கம் இறங்கினார்.